நல்ல செய்திக்குக் கூலி இல்லை: ‘மன்மதன் அம்பு’ திரைப்படத்தை முன்வைத்து

திருவில்லிபுத்தூரில் பேருந்து ஏறினால் அரை மணி நேரத்தில் இராஜபாளையம் வந்துவிடும். அந்த அரை மணி நேரத்திற்குள் இரண்டு மூன்று குடும்பங்களின் திருமணப் பேச்சாவது நம் காதில் விழாமல் இராது. பையன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான், பெண் எந்தப் பஞ்சாலையில் இருக்கிறாள், எத்தனை பவுன் கேட்கிறார்கள் என்று தொடங்கும் பேச்சு, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: “நன்றாக விசாரித்துவிட்டீர்களா?”

விசாரித்தல் என்னும் சொல்லை நாம் இரண்டு விதமாக வழங்குகிறோம். விடைபெறும்போது “வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்” என்கிறோம். அங்கே அது அன்பின் சொல். காவல் நிலையத்தில் வைத்து ஒருவரை விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. அங்கே அது ஐயத்தின் சொல். நம் முன்னோர் பங்கையே ‘விசாரணை’ என்று அழைத்தார்கள். மந்தையின் நலத்தை விசாரிப்பவர் என்ற பொருளில் பங்குத்தந்தையை ‘விசாரணைச் சுவாமியார்’ என்றார்கள். முதியவர்கள் சிலர் வாயில் இன்றும் அச்சொல் வருவதைக் கேட்கலாம். ஆக, ஒரே சொல்லுக்குள் அன்பும் ஐயமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களைப் போலக் குடியிருக்கின்றன. திருமண வேளையில் நாம் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்?

இந்தக் கேள்வியை அண்மையில் நமக்கு நினைவூட்டியது மறையுரையும் அல்ல, தியான நூலும் அல்ல. சிரித்துவிட்டுப் போவதற்கென்றே எடுக்கப்பட்ட ஒரு திரைப்படம். கமல்ஹாசன் கதை, திரைக்கதை, வசனம் எழுதி நடிக்க, கே. எஸ். ரவிகுமார் இயக்கிய ‘மன்மதன் அம்பு’ அது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக வெளிவந்தது. விடுமுறை நாள் ஒன்றில் தொலைக்காட்சியில் அதை மீண்டும் பார்த்தோம். வெளிவந்தபோது அதை நாம் பெரிதாக மதிக்கவில்லை. கப்பலும் கடலும் மேல்நாட்டு நகரங்களும் கண்ணுக்கு விருந்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எண்ணி மறந்துவிட்டோம். இம்முறை பார்த்தபோது அதில் வரும் ஒரு சிறு காட்சி நம்மை விடவில்லை. அந்தக் காட்சியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

கடல் கடந்த காதல்கள்

தமிழ்த் திரை வெளிநாடு போவது புதிதன்று. 1969இல் ‘சிவந்த மண்’, 1973இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’, 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’, 1985இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்று அந்த வரிசை நீண்டது. சென்னைக்குப் போய்வருவதே பெரும் பயணமாக இருந்த காலத்தில், இரண்டரை மணி நேரம் நாற்காலியில் அமர்ந்தபடியே சிங்கப்பூரையும் ஜப்பானையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். அப்படங்களில் பெரும்பாலும் வெளிநாடு ஒரு கண்காட்சி. பாட்டுக்கு அழகான பின்னணி.

‘மன்மதன் அம்பு’வில் வெளிநாட்டுக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகம் ஒன்று, யாருக்கும் தெரியாத இடத்திற்குப் போய்ச் சில நாள் மூச்சு வாங்க விரும்புகிறது. அங்கும் ஒரு கண் பின்தொடர்கிறது. இதுவே படத்தின் முடிச்சு.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். நிஷா என்னும் பெயரில் புகழ்பெற்ற நடிகை அம்புஜாக்ஷி (த்ரிஷா). அவளை மணக்க இருப்பவன் மதனகோபால் (மாதவன்), பெரும் செல்வந்தன். உடன் நடிக்கும் நடிகரோடு அவளுக்குத் தொடர்பு இருக்குமோ என்ற ஐயம் அவனை அரிக்கிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் காரில் செல்கையில் இருவருக்கும் வாக்குவாதம் முற்றுகிறது. அவ்வேளையில் நேரும் விபத்தில் வேறொரு வண்டியில் வந்த பெண் இறந்துபோகிறாள். காதலும் அத்துடன் முறிந்தாற்போல் ஆகிறது. பின்னர் நிஷா ஓய்வுக்காக ஐரோப்பாவுக்குச் செல்கிறாள். கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு வாழும் தோழி தீபாவும் (சங்கீதா) உடன் செல்கிறாள். பார்சிலோனா, வெனிஸ் என்று போகும் மத்தியதரைக் கடல் கப்பல் பயணம் அது. ஐயம் தீராத மதன், அவளைப் பின்தொடர்ந்து வேவு பார்க்க மன்னார் (கமல்ஹாசன்) என்பவரைக் கூலிக்கு அமர்த்துகிறான். மன்னார் முன்னாள் இராணுவ மேஜர். இந்த வேலைக்கு அவர் ஒப்புக்கொள்வதற்குக் காரணம் ஒன்றே: அவருடைய நண்பர் ராஜன் (ரமேஷ் அரவிந்த்) புற்றுநோயால் மருத்துவமனையில் கிடக்கிறார்; சிகிச்சைக்குப் பணம் வேண்டும்.

மன்னார், மதன், அம்பு என்று மூவர் பெயரையும் கோத்தே படத்திற்குத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். மன்னார் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் பகுதி மக்களுக்குத் திருவில்லிபுத்தூரின் ரங்கமன்னார் நினைவு வராமல் இராது. தலைப்பில் வரும் மன்மதனும் அவ்வூருக்கு அந்நியன் அல்லன். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் முதல் பத்துப் பாடல்களும் காமனை நோக்கிய வேண்டுதலே. தான் விரும்பியவனிடம் தன்னைச் சேர்க்கும்படி ஒரு பெண் வாய்விட்டுக் கேட்கிறாள். ஆறாம் திருமொழியிலோ தன் மணக்கனவைத் தோழியிடம் ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்கிறாள். அது பிற சமயத்தாரின் திருநூல். ஆயினும் தமிழ் நம் அனைவருக்கும் பொது. பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழலில் பள்ளிக்குச் சென்று வளர்ந்த நாம் அதைப் படிக்காமல் வளரவில்லை. அங்கே காதல் வெளிச்சத்தில் நின்று பேசுகிறது. மதனின் காதலோ இருட்டில் ஆள் வைத்துப் பார்க்கிறது.

அந்தச் சிறு காட்சி

நம்மை விடாத காட்சி இதுதான். மன்னார் பல நாள் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத் தம்மை அமர்த்தியவனுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொல்கிறார்: அந்தப் பெண் நல்லவள், ஐயப்பட ஒன்றும் இல்லை. மதனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதே மூச்சில், பேசிய பணத்தைக் கொடுக்க மறுத்துவிடுகிறான். குற்றம் எதுவும் கண்டுபிடிக்காதவனுக்கு எதற்குக் கூலி? மருத்துவமனையில் நண்பர் சாகக் கிடக்கிறார். மன்னாருக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபடியும் பேசுகிறார். இம்முறை பொய் சொல்கிறார்: அவளுக்கு வேறொருவனோடு தொடர்பு இருப்பதுபோலத் தெரிகிறது என்கிறார். உடனே பணம் வரத் தொடங்குகிறது.

திரையரங்கில் இதற்கு எல்லாரும் சிரித்தோம். சிரிப்பதற்கென்றே எழுதப்பட்ட இடம் அது. ஆனால் சற்று நின்று பார்த்தால், ஐயத்தின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி தமிழ்த் திரையில் அரிது. ஐயம் கொண்டவன் தான் உண்மையைத் தேடுவதாகச் சொல்லிக்கொள்கிறான். உண்மை கைக்கு வந்தபோது அதற்கு அவன் காசு கொடுப்பதில்லை. தனக்கு வேண்டிய சான்றுக்கே காசு கொடுக்கிறான். வாங்க ஆள் இருக்கும்போது விற்கவும் ஒருவன் வந்துவிடுகிறான்; அவன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நண்பனைக் காப்பாற்ற நினைக்கும் நல்லவனையே பொய்யனாக்கிவிடுகிறது அந்தச் சந்தை. நற்செய்தியை நம்பி வாழ்கிறவர்கள் நாம். நல்ல செய்திக்குக் கூலி இல்லை என்று கைவிரிக்கும் ஒருவனைத் திரையில் பார்க்கும்போது நமக்குள் ஏதோ உறுத்த வேண்டாமா?

பின்னோக்கி ஓடும் பாட்டு

படத்தில் இதற்கு நேர் எதிராக நிற்கும் மற்றொரு பகுதி உண்டு. மன்னார் மனைவியை இழந்தவர். வெளிநாட்டுப் பெண்ணான ஜூலியட்டை மணந்து வாழ்ந்த காலத்தை அவர் நினைத்துப் பார்ப்பதாக வரும் பாடலில், காட்சிகள் யாவும் பின்னோக்கி ஓடுகின்றன. கொட்டியது கோப்பைக்குத் திரும்புகிறது. விலகிச் சென்றவர்கள் பின்னடி வைத்து நெருங்குகிறார்கள். பாடுகிறவர்களின் உதடுகள் மட்டும் பாட்டோடு பொருந்தி அசைகின்றன. இசையமைப்பாளர் தேவி ஸ்ரீ பிரசாத்தின் மெட்டு மென்மையானது. தொழில்நுட்ப வித்தை என்று பலரும் இதைப் பாராட்டினார்கள். நமக்கு வித்தையைவிட அதன் பொருளே பெரிதாகப் படுகிறது. சாவில் தொடங்கி முதல் சந்திப்பை நோக்கி அந்த நினைவு நடக்கிறது.

ஐயம் கொண்டவனும் பின்னோக்கித்தான் பார்க்கிறான். அன்று ஏன் தாமதமாக வந்தாள், அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று பழைய நாள்களைக் கிளறிக் கறையைத் தேடுகிறான். அன்பு கொண்டவன் அதே பழைய நாள்களுக்குள் போய் முதல் மகிழ்ச்சியைத் தேடி எடுக்கிறான். ஒரே படத்திற்குள் இவ்விரண்டு பார்வைகளும் இருப்பது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

இவ்விரண்டும் ஓரிடத்தில் மோதிக்கொள்கின்றன. கொடைக்கானல் விபத்தில் இறந்தவள் மன்னாரின் மனைவிதான் என்பது தெரியவருகிறது. தன்னால்தான் அது நேர்ந்தது என்று நிஷா கலங்கி நிற்கிறாள். மதனின் ஐயம் தொடங்கிவைத்த வாக்குவாதம், முன்பின் அறியாத ஒரு வீட்டின் விளக்கை அணைத்திருக்கிறது. மன்னார் அவளைச் சபிக்கவில்லை, மன்னிக்கிறார். நகைச்சுவைப் படம் ஒன்று இந்த இடம்வரை வந்ததே பெரிது. ஆனால் வந்த இடத்தில் அது நிற்கவில்லை. மன்னிப்பு நெஞ்சில் இறங்குவதற்குள் அடுத்த கலகலப்புக்கு ஓடிவிடுகிறது. கிறிஸ்தவப் பார்வையாளருக்கு இது ஏமாற்றம். மன்னிப்பு எளிதில் வாய்ப்பதன்று. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் காட்டாவிட்டால், மன்னிப்பும் கதையை நகர்த்தும் ஒரு வசதியாகவே போய்விடும்.

பிற்பகுதியின் குறைகள்

பிற்பகுதியில் குறைகள் மேலும் பெருகுகின்றன. வெனிஸ் நகருக்கு எல்லாரும் வந்து சேர்ந்தபின், ஆள்மாறாட்டமும் கதவு மறைவும் தொலைபேசிக் குழப்பமுமாகப் படம் ஓடுகிறது. குரூப் தம்பதியாக வரும் குஞ்சனும் மஞ்சு பிள்ளையும் சிரிக்க வைக்கிறார்கள். ஆங்கில வசனங்களின் மிகுதி, நம்மைப் போன்ற ஊர்களின் பார்வையாளரை அவ்வப்போது வெளியே நிறுத்திவிடுகிறது. படத்தில் மனத்தில் நிற்பவர் சங்கீதா. முறிந்த மணவாழ்வின் கசப்பையும் பிள்ளைகளை வளர்க்கும் தாயின் குறும்பையும் ஒரே முகத்தில் கொண்டுவருகிறார்.

எல்லாவற்றிலும் பெரிய குறை முடிவில் இருக்கிறது. நிஷாவும் மன்னாரும் சேர்கிறார்கள். மதனும் தீபாவும் சேர்கிறார்கள். இன்பியல் நாடக மரபில் இப்படிக் கணக்கு நேராவது வழக்கம்தான். ஆனால் மதனின் ஐயம் எங்கே போயிற்று? அது தன் பிழையை உணர்ந்ததா, அழுததா, மன்னிப்புக் கேட்டதா? ஒன்றும் இல்லை. நோய் குணமாகவில்லை, ஆள் மட்டும் மாறியிருக்கிறது. நாளை தீபா எங்காவது பயணம் போனால், இன்னொரு மன்னார் தேவைப்படாமல் போவாரா? படம் இந்தக் கேள்வியைக் கேட்க விரும்பவில்லை.

இவ்வகைக் கதைக்கு உலகத் திரையில் ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. வில்லியம் வைலர் இயக்கி 1953இல் வெளிவந்த ‘ரோமன் ஹாலிடே’யில், அரண்மனைக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு நாள் தப்பி உரோமை நகர்த் தெருக்களில் இறங்குகிறாள் இளவரசி ஒருத்தி (ஆட்ரி ஹெப்பர்ன்). அவள் யாரென்று தெரிந்தும் தெரியாததுபோல் உடன் சுற்றுகிறான் செய்தியாளன் ஒருவன் (கிரிகரி பெக்). அவளைப் பற்றிய செய்தியை விற்றால் பெரும் பணம் கிடைக்கும். உரோமையில் காஸ்மெதின் புனித மரியா ஆலய முகப்பில் ‘உண்மையின் வாய்’ என்னும் கல்முகம் ஒன்று இருக்கிறது. பொய்யர் கையை விட்டால் அது கடித்துவிடும் என்பது பழங்கதை. அதன் முன் இருவரும் நிற்கும் இடம் சிரிப்பும் நடுக்கமும் கலந்தது. இருவருமே பொய்யர்கள் அல்லவா! இறுதியில் அவன் செய்தியை விற்கவில்லை. எடுத்த படங்கள் அவள் கையிலேயே சேர்கின்றன. அவள் தன் கடமைக்குத் திரும்புகிறாள். அவன் வெறுங்கையோடு நடந்து செல்கிறான். அங்கே அன்புக்கு ஒரு விலை கொடுக்கப்படுகிறது. அதனால்தான் சிரிக்க வைத்த அந்தப் படம் முடிந்தபின் நம்மைப் பேசாமல் உட்கார வைக்கிறது.

கூலி வாங்காத வழித்துணை

நமக்கு இன்னும் நெருக்கமான பயணக் கதை ஒன்று நம் விவிலியத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்க விவிலியத்தின் இணைத்திருமுறை நூல்களுள் ஒன்றான தோபித்து நூலைச் சொல்கிறோம். திருமண மறையுரைகளில் மட்டும் கேட்டுவிட்டு நாம் மூடிவைத்துவிடும் அந்நூலை ஒருமுறை கதையாகப் படித்துப் பாருங்கள். அயல்நாடு, நீண்ட பயணம், தன்னை மறைத்துக்கொண்ட வழித்துணைவர், எதிர்பாராத திருமணம் என்று ஓர் இன்பியல் கதைக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருக்கின்றன. வழியெல்லாம் கூடவே வரும் ஒரு நாயும் உண்டு. இராஜபாளையத்துக்காரர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

பார்வை இழந்த தோபித்து, மேதியா நாட்டில் தாம் கொடுத்துவைத்த பணத்தை வாங்கிவர மகன் தோபியாவை அனுப்புகிறார். வழித்துணைக்கு ஓர் ஆள் கிடைக்கிறார்: வானதூதர் இரபேல், அசரியா என்னும் பெயரில். தோபித்து அவரை விசாரிக்கிறார். எந்தக் குலம், எந்தக் குடும்பம் என்று நேருக்கு நேர் கேட்கிறார். நாளுக்கு ஒரு திராக்மா என்று கூலியும் பேசுகிறார். பயணத்தின் நடுவே சாராவின் வீடு வருகிறது. சாரா ஊர் வாயில் விழுந்து நொந்த பெண். மணந்த ஏழு கணவரும் முதலிரவிலேயே இறந்துபோக, அவளே அவர்களைக் கொன்றாள் என்று வீட்டுப் பணிப்பெண்ணே பழி தூற்றுகிறாள். சாகவும் துணிந்தவள், இறைவனை நோக்கி அழுகிறாள். அவள் தந்தை இரகுவேல், பெண் கேட்கும் தோபியாவிடம் எதையும் மறைக்கவில்லை. ஏழு பேர் இறந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறார். தெரிந்தே தோபியா அவளை ஏற்கிறான். இரவோடு இரவாக இரகுவேல் மருமகனுக்குக் குழி தோண்டி வைப்பதும், அவன் உயிரோடு இருப்பது தெரிந்து விடிவதற்குள் அதை மூடச் சொல்வதும் சிரிக்கத்தக்க இடங்களே. திருநூல் சிரிக்கத் தெரியாத நூல் அன்று.

பயணம் முடிந்து வீடு வந்தபின், கொண்டுவந்த செல்வத்தில் பாதியைக் கூலியாகக் கொடுக்க முன்வருகிறார்கள். வழித்துணைவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தாம் யார் என்பதை வெளிப்படுத்திவிட்டு மறைந்துவிடுகிறார். அவரும் மன்னாரைப் போலத் தம்மை மறைத்துக்கொண்டு உடன் நடந்தவர்தான். ஆனால் அவர் மறைந்து நின்றது குணமாக்குவதற்காக. பழி சுமந்த ஒரு பெண்ணைப் பற்றிய பொய்யை விலக்கி, அவளுக்கு வாழ்வைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் கூலியும் கேட்கவில்லை. ஒருவரோடு நடப்பதற்கும் ஒருவர் பின்னால் நடப்பதற்கும் உள்ள தொலைவை இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அளந்துவிடலாம்.

ஓலையும் உளவும்

இனி நம் ஊருக்கு வருவோம். திருமணத்திற்கு முன் விசாரிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. திருச்சபையே விசாரிக்கச் சொல்கிறது. மறைவான திருமணங்களால் விளைந்த கேடுகளைக் கண்டு, 1215இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் திருமண அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் அதை மூன்று முறை அறிவிக்கப் பணித்தது. நாம் ‘ஓலை வாசித்தல்’ என்று சொல்லும் வழக்கம் அவ்வழியே வந்தது. இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார் என்று பெயர் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று பலிபீடத்தின் அருகிலிருந்து அறிவிக்கிறார்கள். அதுவும் விசாரணைதான். ஆனால் அது மணமக்களுக்குத் தெரிந்தே, அவர்கள் பெயர் சொல்லி, சபை நடுவே நடக்கிறது. சொல்ல வருகிறவர் தம் முகத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். அங்கே யாருக்கும் கூலி இல்லை.

வேவு பார்ப்பதற்கு முகம் இல்லை. முன்பெல்லாம் அதற்கு ஆள் வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியே போதும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் கணவர்களின் வீடுகள் நம் பங்குகளில் உண்டு. காணொளி அழைப்பில் மனைவி பேசிக்கொண்டிருக்கும்போதே “அது யார் குரல்? கேமராவைத் திருப்பிக் காட்டு” என்று கேட்கும் கணவர்களை நாம் அறிவோம். கடல் கடந்து சென்றவர் மதனாகவும் கையிலுள்ள கருவி மன்னாராகவும் மாறிவிடுகிற வீடு அது. உண்மையைச் சொல்லும் மனைவிக்கு அங்கே நிம்மதி கிடைப்பதில்லை. மறுநாளும் அதே கேள்வி வரும். சூசையப்பரை நினைத்துப் பார்க்கிறோம். தமக்கு மண ஒப்பந்தமான பெண்ணைக் குறித்து மனம் கலங்கக் காரணம் இருந்தும், அவளை ஊரறியப் பழிக்கு ஆளாக்க அவர் விரும்பவில்லை. நீதிமான் என்று நற்செய்தி அவரை அழைப்பது அந்த இடத்தில்தான்.

பிறரைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது முறையாகாது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் வேலை செய்து, விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருத்திக்கு, திருவில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. அவளைப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து அறிவோம் என்று தெரிந்து, பையன் வீட்டார் நம் வீட்டு வாசலுக்கே வந்து கேட்டார்கள். அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் நல்லதே. தம்பியைப் படிக்க வைப்பவள்; ஞாயிறு விடுப்பு கிடைத்தால் பாடகர் குழுவில் நிற்பவள். ஆனால் நாளை ஏதாவது ஒன்று என்றால் நம்மைக் குறை சொல்வார்களே என்று ஒரு கணம் தோன்றியது. “எங்களுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. எதற்கும் ஆலைப் பக்கம் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டோம்.

‘எதற்கும்’ என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர்கள் ஆலைப் பக்கம் போனார்களோ இல்லையோ, பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று. யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அந்தப் பெண்ணின் தாய் பிறகு நம்மிடமே வந்து புலம்பினார். நாம் வாய் திறக்கவில்லை. மன்னாராவது நண்பனின் உயிருக்காகப் பொய் சொன்னார். நாம் பொய்கூடச் சொல்லவில்லை. தெரிந்த நல்லதைச் சொல்லாமல் விட்டோம். நல்ல செய்தியைச் சொல்வதால் நமக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கு நம் மனத்திலும் ஓடியிருக்க வேண்டும். மதனைப் பார்த்துச் சிரித்தபோது நம்மைப் பார்த்தே சிரித்திருக்கிறோம் என்பது இரண்டாம் முறை படம் பார்க்கும்போதுதான் விளங்கிற்று.

ஒரு நகைச்சுவைப் படம் இவ்வளவு செய்தால் போதும். அதன் குறைகளைச் சொன்னோம்; மன்னிப்பை அது அவசரமாகக் கடந்ததையும், ஐயத்தைக் குணமாக்காமலே திருமணம் முடித்துவைத்ததையும் சொன்னோம். ஆனாலும் அந்தத் தொலைபேசிக் காட்சிக்காக நாம் அதற்குக் கடன்பட்டிருக்கிறோம். இப்போதெல்லாம் யாரேனும் வரன் விசாரித்து வந்தால், உட்காரச் சொல்லி, நமக்குத் தெரிந்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்ல வேண்டிய தடை உண்மையிலேயே இருந்தால், அதற்குப் பங்குத்தந்தை இருக்கிறார். ஓலை வாசிக்கும் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறிடத்தில் திருமணமாயிற்று. சென்ற ஆண்டு ஒருநாள் இராஜபாளையம் பேருந்தில் அவளைப் பார்த்தோம். மடியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. நாம் செய்தது அவளுக்குத் தெரியாது. எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். இறங்கும்போது குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்” என்றாள்.